நோவு நின்ற பல்

எமது கல்லூரியில் என்னுடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் மருதமுனையைச் சேர்ந்தவர். நெசவாளர் குடும்பத்திற் பிறந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லொன்று சூத்தையாகிப் பல நாள் நோவு கொடுத்தது. கராம்பெண்ணெய் தோய்த்த பஞ்சும் பனடோலுமாகக் காலங்கழித்தார். ஒருநாட் காலை முகமலர்ச்சியுடன் வந்து, "நோவு நிண்டு போச்சு மாஸ்டர்! இனி என்னத்துக்குப் பல் டாக்குத்தர்?" என்றார். நல்லதாயிற்று என்றே நானும் கூறினேன். படித்தவர் இருவர் ஒருங்கே ஏமாந்த நாள் அது.

சூத்தை பல்லின் உட்கூழை எட்டும்போது அங்குள்ள நரம்பு துடிக்கிறது, அத்துடிப்பே நோவு. கிருமிகளால் நரம்பு இறந்துபட்டால் நோவும் அடங்கிவிடும். காவற்காரனைக் கொன்ற கள்வர் வெறுங்கையுடன் திரும்புவரோ? வேரின் நுனிவழியே தாடையெலும்பினுட் புகுந்து அக்கிருமிகள் சீழ் கட்டத் தொடங்குகின்றன.

மூன்று கிழமைகளின் பின் ஓரிரவு நண்பருக்குத் தாடையின்கீழ் இருபுறமும் மரக்கட்டைபோல் வீங்கிற்று. நா மேலெழும்பி நின்றது. எச்சிலையும் விழுங்க முடியவில்லை. அவருடைய உம்மா அழுதகுரல் கேட்டு அயலவர் ஓடிவந்தனர். மட்டக்களப்புக்குக் கொண்டு சென்று, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்தே வைத்தியர்கள் அவரைக் காப்பாற்றினர். 1836இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து வைத்தியர் லுட்விக் விவரித்த நோய் இது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, நாவைத் தாங்கும் தசைக்கும் கீழே இறங்கியிருப்பதால், அங்கு கட்டும் சீழ் கழுத்துப்புறமாகப் பரவுகிறது. கிருமிகொல்லி மருந்துகள் வருமுன் இந்நோய் கண்டோரிற் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்துகள் வந்தபின்னும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவனொருவன், பல்லிலிருந்த கிருமிகள் மூளைக்குப் பரவி இறந்தான். அப்பல்லைப் பிடுங்கியிருந்தால் ஏறக்குறைய 80 டொலரே செலவாகியிருக்கும்!

சூத்தைக்காவது நோவென்னும் முன்னறிவித்தல் உண்டு. முரசு நோய்க்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. இதனை உலகுக்குக் காட்டியவர்கள் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களே. நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் ஆய்வாளர் 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள் 480 ஆண் தொழிலாளரின் வாயை ஆராய்ந்தார். அவர்களுக்குச் சூத்தை அநேகமாக இல்லை; பல் துலக்கும் பழக்கமும் இல்லை. நூற்றுக்கு 11 பேருக்கு நோய் முரசளவில் நின்றது. 81 பேருக்கு மெல்ல மெல்ல எலும்பை அரித்தது. 8 பேருக்கு அது மிக வேகமாய்ப் பரவி, நாற்பத்தைந்து வயதளவிற் பற்கள் ஏறத்தாழ முழுவதும் போயின. 1986இல் வெளியான இவ்வாய்வு இன்றும் பல் வைத்திய மாணவர்க்குப் பாடம். அத்தொழிலாளர்க்கு அதனால் விளைந்த நன்மை யாதென்ற வினாமட்டும் என்னை உறுத்துகிறது.

புண்பட்ட முரசிலிருந்து கிருமிகள் குருதியிற் கலக்கும். சிறுவயதில் வாதக்காய்ச்சல் கண்டு இருதய வாயில்கள் பழுதுற்றோர்க்கு அவை அங்கே தங்கி உயிர்க்கு உலைவைக்கலாம். அத்தகையோர் பல் பிடுங்குமுன் வைத்தியரிடம் இதனைச் சொல்லியே ஆகவேண்டும். சலரோகமோ முரசு நோயை வளர்க்கும். முரசு நோய் சலரோகத்தை அடங்கவொட்டாது. வெற்றிலை வட்டாவும் சீனித் தேநீரும் நீங்காத நம் கரையோர வீடுகளில், முரசைப்பற்றி யார் கேட்கிறார்கள்? அரசாங்க வைத்தியசாலைகளிற் பல் வைத்தியம் இலவசமாகவே கிடைக்கிறது.

சென்ற மாதம் பல் துலக்கும்போது நான் துப்பிய நீரில் இரத்தம் கண்டேன். நோவு எள்ளளவும் இல்லை. தற்செயலாக அதை நண்பரிடம் கூறினேன். கழுத்திலுள்ள தழும்பைத் தடவியவாறு சற்று நேரம் என்னையே பார்த்தவர், மறுநாள் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.