இல்லமும் கருவியும்: திருமணத் தட்டிலிருந்து கைப்பேசிக்கு



பங்குக் குடும்பங்களிலிருந்து வரும் கடிதங்களுள் ஒன்றையே இம்மாதம் முழுமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். எழுதியவர் ஓர் அம்மையார். அவருடைய மகளின் திருமணம் 2007-ஆம் ஆண்டில் நடந்தது. படம் பிடித்தவர் அதனை இரண்டு டி.வி.டி. தட்டுகளில் பதித்துக் கொடுத்தார். அம்மையாரின் கணவர் 2011-இல் காலமானார். அவர் நடப்பதும் சிரிப்பதும் பேசுவதும் பதிவாகியிருப்பது இவ்விரு தட்டுகளில் மட்டுமே. மகள் இப்பொழுது குவைத்தில் வாழ்கிறாள். "என் பிள்ளைகள் தாத்தாவின் குரலைக் கேட்க வேண்டும், கைப்பேசிக்கு அனுப்புங்கள் அம்மா" என்று அவள் கேட்டிருக்கிறாள். மூத்த மகனின் பையன் தட்டைக் கணினியில் இட்டு, அதில் இருந்தவற்றுள் ஒன்றை எடுத்துத் தன் கைப்பேசியில் ஏற்றிப் பார்த்தான். படம் ஓடியது, ஒலி எழவில்லை. குரலுக்காகவே கேட்ட மகளுக்கு ஊமைப் படத்தையா அனுப்புவது? "தட்டு கெட்டுப் போயிற்றா? இனி வழியே இல்லையா?" என்று அம்மையார் கவலையோடு வினவுகிறார்.

தட்டு கெடவில்லை, அம்மா. குரல் அதில் பத்திரமாகவே இருக்கிறது. அதனைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் அந்தக் கைப்பேசிக்கு இல்லை; அவ்வளவே.

டி.வி.டி. முதன்முதலில் ஜப்பானில் 1996-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. படத்தைச் சுருக்கி அடக்குவதற்கு அக்காலத்தில் கிடைத்த முறை எம்பெக்-2 என்பது. ஒலிக்குப் பெரும்பாலும் ஏ.சி.3 என்ற முறையைக் கையாண்டார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் இருந்த கருவி இவ்விரண்டையும் நன்கு அறிந்திருந்தது. கைப்பேசிகளோ பிற்காலத்துப் பிள்ளைகள். 2003-இல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் படமுறையும், ஏ.ஏ.சி. என்னும் ஒலிமுறையும், இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் எம்.பி.4 என்னும் பொதியுமே அவற்றுக்குத் தாய்மொழி. பழைய படமுறையை ஒருவாறு புரிந்துகொள்ளும் கைப்பேசியும் ஏ.சி.3 ஒலியைக் கண்டால் வாய்மூடி நின்றுவிடுவதுண்டு. அம்மையாரின் பேரன் கண்டது இதைத்தான்.

இன்றைக்கே குரலைக் கேட்க வேண்டுமானால் அதற்கு எளிய வழி உண்டு. வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளைக் கைப்பேசியில் நிறுவிக்கொண்டு, அதே கோப்பை அதன் வழியாகத் திறந்து பாருங்கள். பழைய முறைகளைத் தானே படித்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு, ஒலியும் எழும். ஆனால் இதனை நிலையான ஏற்பாடாகக் கொள்வதற்கில்லை. தட்டின் உள்ளே "வீடியோ டி.எஸ்." என்றொரு கோப்புறை இருக்கும். அதில் உள்ள படம், ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். வி.ஓ.பி. என்ற மூன்றெழுத்து அவற்றின் பெயரின் ஈற்றில் காணப்படும். துண்டு முடியும் இடம் வாக்கியம் முடியும் இடமாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. மணமக்கள் வாக்குறுதி அளிக்கும் வேளையில் ஒரு துண்டு முடிந்து, மீதி அடுத்த துண்டில் தொடங்கலாம். ஆகவே, முறையாக மாற்றிக்கொள்வதே நல்லது.

எனினும், மாற்றும் வேலையைத் தொடங்குமுன் மற்றொரு வேலை இருக்கிறது. இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதிருக்க வேண்டுகிறேன். முதலில் தட்டில் உள்ளதை உள்ளவாறே, ஒன்றும் விடாமல், கணினியில் நகல் எடுத்து வையுங்கள். கைப்பேசிக்கான சிறிய படத்தை அந்த நகலிலிருந்து செய்துகொள்ளலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? திரைப்பட நிறுவனங்கள் விற்ற தட்டுகளில் செய்தி பிளாஸ்டிக்கிலேயே பள்ளங்களாக அச்சிடப்பட்டிருக்கும். நம் திருமணத் தட்டுகள் அவ்வகையல்ல. ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டி, நடுவே ஒரு சாயப்பூச்சை வைத்திருக்கிறார்கள். பதிக்கும் கருவியின் லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளமிடுகிறது. சாயம் எதுவானாலும் வெயிலிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் வெளிறும் அல்லவா? தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், சன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், ஆண்டுக்கணக்காகக் கிடந்த தட்டுக்கு நாள் எண்ணப்படுகிறது என்றே கொள்ள வேண்டும். மலிவான தட்டுகளோ இன்னும் விரைவில் கெடும். பதிவு தட்டின் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருண்டு செல்வது. ஆகவே நிறையப் பதிந்த தட்டில் இறுதிக் காட்சிகள் விளிம்பருகே இருக்கும். விரல் படுவதும் ஈரம் சேர்வதும் அவ்விடத்திலேயே. முன்பகுதி நன்றாக ஓடுகிறது என்று நிம்மதி கொள்ள வேண்டாம். கடைசி பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். படம் நின்று நின்று ஓடுவதும், சதுரம் சதுரமாகச் சிதறுவதும் முதல் எச்சரிக்கைகள்.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டு இடும் வாயிலே இல்லை. யு.எஸ்.பி. கம்பி வழியாக இணைக்கும் தனிக் கருவி கடைகளில் கிடைக்கிறது. பங்கில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். ஒரு வீட்டில் நாலைந்து தட்டுகளுக்கு மேல் இருக்கப் போவதில்லை.

தட்டைத் துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நம் வீடுகளில் சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பதுபோல வட்டமாகத் துடைக்கிறோம். கீறல் பதிவின் சுருளோடு சேர்ந்து ஓடினால் தொடர்ச்சியாக நெடும்பகுதி அழியும். குறுக்காக விழுந்தால் ஆங்காங்கே சிறு இடைவெளிதான் உண்டாகும், அதைக் கருவி சரிசெய்துகொள்ளும். ஆகையால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். பிறகு "வீடியோ டி.எஸ்." கோப்புறையை முழுமையாகக் கணினிக்கு நகலெடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம். ஒரு கருவி படிக்க மறுத்த தட்டை மற்றொரு கருவி படித்துவிடுவது வழக்கமாக நிகழ்வதே. அதுவும் பலிக்காவிடில், கணினி நன்கு அறிந்த இளைஞர் ஒருவரிடம் "டி.டி. ரெஸ்க்யூ" என்னும் இலவச மென்பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து முயலும்.

ஒரு தட்டில் அடங்குவது வழக்கமாக 4.7 கிகாபைட்தான். இரண்டு தட்டும் சேர்ந்து பத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நகலைக் கணினியிலும், மற்றொன்றைப் பென் டிரைவில் இட்டு வேறொரு பிள்ளையின் வீட்டிலும் வையுங்கள். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்தால் வெள்ளம் வரும்போது இரண்டும் சேர்ந்தே போகும். 2015-ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மாற்றும் வேலை. இதற்கு ஹேண்ட்பிரேக் என்னும் மென்பொருள் போதும். காசு கொடுக்க வேண்டியதில்லை. இதே வேலைக்குப் பணம் கேட்கும் மென்பொருள்கள் பல உண்டு. சில, இலவசம் என்று சொல்லிப் படத்தின் நடுவே தம் பெயரைப் பொறித்துவிடும். மணமகளின் முகத்தின்மேல் விளம்பரம் நமக்கு எதற்கு? ஹேண்ட்பிரேக்கைத் திறந்து, நகலெடுத்த கோப்புறை முழுவதையும் அதனிடம் காட்டுங்கள். துண்டுகளைத் தனித்தனியே காட்ட வேண்டாம். முழுவதையும் காட்டினால் துண்டுகளை அதுவே வரிசையாக இணைத்துக்கொள்ளும். பட்டியலில் தோன்றுபவற்றுள் நீளமானதே பெரும்பாலும் திருமணப் படம். ஆயத்த அமைப்புகளுள் "ஃபாஸ்ட் 576பி25" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டுத் தட்டுகளில் படம் 576 வரிகளும் நொடிக்கு 25 காட்சிகளும் கொண்டதாக இருப்பதால் இந்த அமைப்பு பொருந்தும். ஒலியையும் கைப்பேசி அறிந்த முறைக்கு அது மாற்றிவிடும். ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ அரை முதல் ஒரு கிகாபைட்டாகச் சுருங்கும்.

"அதிகத் துல்லியமாக 1080 வரிகளுக்கு உயர்த்தித் தருகிறோம்" என்று சில கடைகளில் கூறக் கேட்கிறோம். தட்டில் இல்லாத வரிகளை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? கோப்பு பெருக்கும், படம் பெருகாது. அதைவிட, அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். பழைய ஒளிப்படக் கருவிகள் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றிப் பதித்ததால் நேர்வது இது. ஹேண்ட்பிரேக்கில் "டீகோம்ப்" என்னும் வடிகட்டியை இயக்கினால் கோடுகள் மறையும். படத்தின் இருபுறமும் கருப்புப் பட்டை வந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். திரையை நிரப்புவதற்காக இழுத்தால் ஒல்லியான மணமகளும் பருத்துத் தெரிவாள்.

கடையில் கொடுத்துச் செய்விப்பதாயின், தெளிவாகச் சொல்லிவிட வேண்டியது ஒன்றுண்டு. சிலர் மூன்று மணி நேரப் படத்தை அரை மணி நேரமாகச் சுருக்கி, பாட்டும் சேர்த்து அழகாகத் தருவார்கள். அதில் மணமக்கள் இருப்பார்கள், மாலை இருக்கும், கேக் வெட்டுவது இருக்கும். வெட்டி எறியப்படுவது எது? பந்தியில் இலை முன் அமர்ந்திருக்கும் வரிசை, பரிசு கொடுக்க ஏறி வந்து கூச்சத்தோடு நிற்கும் உறவினர்கள், கோவில் வாசலில் செருப்பைத் தேடும் பெரியவர். அந்நாளில் அந்தப் பகுதி வந்ததும் நாம் எல்லோரும் வேகமாக ஓட்டினோம். இன்று அந்த வரிசையில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அம்மையாரின் கணவரும், மகளின் தந்தை என்ற முறையில், மேடையில் நின்ற நேரத்தைவிடப் பந்தியில் உபசரித்த நேரமே அதிகமாயிருக்கும். ஆகவே சுருக்கம் வேண்டுமானால் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். முழுப்படத்தில் கை வைக்க விடாதீர்கள்.

துயரமான செய்தி ஒன்றும் சொல்லியாக வேண்டும். வரவேற்பு, ஊர்வலம் முதலிய காட்சிகளில் படம் பிடித்தவர்கள் அங்கே பேசிய பேச்சை நீக்கிவிட்டுத் திரைப்பாடலைச் சேர்ப்பது அக்கால வழக்கம். அவ்வாறு சேர்த்திருந்தால் அந்தக் குரல்களை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. திருப்பலிக் காட்சிகளில் பெரும்பாலும் இயல்பான ஒலியே இருக்கும். தந்தை மகளைக் கோவிலுக்குள் அழைத்து வந்த பின் நடந்ததைப் பொறுமையாகக் கேளுங்கள். வாசக மேடை ஒலிபெருக்கிக்கு இடையிடையே, பக்கத்தில் நின்றவர்கள் மெல்லப் பேசியதும் பதிவாகியிருக்கக் கூடும்.

குவைத்துக்கு அனுப்புவது எளிது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கி முகங்களை மங்கலாக்கிவிடும். "ஆவணம்" என்னும் வழியில் அனுப்பினால் இரண்டு கிகாபைட் வரையுள்ள கோப்பு உள்ளவாறே போய்ச் சேரும். யூட்யூபில் ஏற்றுவோர், ஊரார் எல்லோரும் காணாதவாறு அமைத்துக்கொள்வது நலம். திருமணத்துக்கு வந்தவர்கள் நம் அழைப்புக்கு இணங்கி வந்தவர்களேயன்றி, உலகம் பார்க்க இசைந்தவர்கள் அல்லர். மேலும், பின்னணியில் சேர்த்த பாடலின் உரிமையாளர் பொருட்டு ஒலி அடக்கப்படவும் கூடும்.

இங்குக் கூறியவை யாவும் நம் வீட்டுத் தட்டுகளுக்கே உரியவை. கடையில் வாங்கிய திரைப்படத் தட்டுகள் பிறருடைய உடைமை; அவற்றில் பூட்டும் இட்டிருப்பார்கள். சில வீடுகளில் டி.வி.டி.க்கு முந்திய வி.சி.டி. தட்டுகள் இருக்கலாம். அவற்றில் "எம்பெக் ஏ.வி." என்னும் கோப்புறைக்குள் "டாட்" என்று முடியும் கோப்புகள் இருக்கும். அவற்றையும் முன்போலவே நகலெடுத்து, ஹேண்ட்பிரேக்கில் ஒவ்வொன்றாக இட்டு மாற்றலாம். அந்தத் தட்டுகள் இன்னும் பழையவை. அவற்றை முதலில் எடுங்கள்.

நகல் எடுத்தபின் தட்டை எறிந்துவிடலாமா என்றும் அம்மையார் கேட்கிறார். வேண்டாம். அதன்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டாமல், மென்முனைப் பேனாவால் நடுவளையத்தில் ஆண்டை மட்டும் எழுதி, உறையிலிட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.