மலையேறுமுன் மருந்துப் பை

விடுமுறை நெருங்கிவிட்டால் பவானிபூர் விடுதிகளில் ஒரே பேச்சுத்தான்: சந்தக்பூ! மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த சிகரம். உயரம் 3,636 மீட்டர். மானேபஞ்சனிலிருந்து நடந்து ஏறினால் கஞ்சன்ஜங்காவைக் கண்ணாரக் காணலாம். நம் தமிழ் மாணவர்கள் கம்பளி வாங்குகிறார்கள், காலணி வாங்குகிறார்கள். முதலுதவிப் பை எங்கே என்றால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கத் தக்க செய்தியா இது? 2018 மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீ நடைப்பயணிகளைச் சூழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்துப் பை அந்தத் தீயைத் தடுத்திராது, உண்மை. ஆனால் மீட்புப் பணி இரவெல்லாம் நடந்து மறுநாளும் நீண்டது. மலையில் உதவி வந்து சேர நேரமாகும். அந்த நேரம் உடன் வந்த தோழனின் கையில் இருக்கிறது.

அந்தக் கை தூய கையா? அறிவியல் மாணவன் என்ற முறையில் நான் வற்புறுத்துவது இதைத்தான். கழுவாத கை காயத்தில் கிருமியை விதைக்கும். காயத்தின் இரத்தமோ, ஹெபடைடிஸ் பி போன்ற நோயை உதவுவோனுக்கே தரக்கூடும். ஆகவே கையைக் கழுவி, ரப்பர் கையுறை அணிந்து, பிறகே காயத்தைத் தொட வேண்டும். இரத்தம் பெருகினால் தூய துணியால் விடாது அழுத்துக. சிறு காயமாயின் தூய நீரால் நன்கு கழுவிக் கட்டுக.

ஓடை நீரைக் கொதிக்க வைத்தே பருகுக. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கும். 1971-இல் இதே மாநிலத்துப் போன்காவ் அகதிகள் முகாமில், நரம்பில் ஏற்றும் மருந்து நீர் போதாதபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் குடிக்கத் தந்து காலராச் சாவை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். அந்தப் பொட்டலத்தின் எடை எவ்வளவு? உயரத்தில் தலைவலியும் வாந்தியும் கண்டால் மேலே ஏறாதீர். தள்ளாட்டமும் மூச்சுத் திணறலும் கண்டால் உடனே கீழே இறங்குக.

“வழிகாட்டி இருக்கிறாரே!” என்பீர்கள். வழுக்கி விழுபவர் அந்த வழிகாட்டியே ஆனால்?

தோழர்களே! நம் சங்கத்தின் பெயரால் செல்லும் ஒவ்வொரு குழுவிலும் முதலுதவி பயின்ற இருவரும் ஒரு முழுமையான பையும் இருந்தே தீர வேண்டும். இன்றேல் பயணம் இல்லை. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு இப்பயிற்சியைத் தருகிறது. நண்பனைக் கைகழுவிவிடாமல் இருக்க வேண்டுமானால், முதலில் கை கழுவக் கற்போம்!