தெருச் சனங்களைக் கீறிய வைத்தியர்

ஓவியக் கண்காட்சி என்றால் அது எங்களுக்கு உரிய விடயம் அல்ல என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். குளிரூட்டிய மண்டபம், வெள்ளைச் சுவர், என்ன கீறியிருக்கிறது என்று விளங்காத படம், அதற்கு இலட்சக் கணக்கில் ஒரு விலை. இந்த எண்ணம் முற்றிலும் பிழை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ரெயினில் நெருக்குப்பட்டுப் போகிற வேலையாட்களையும், தேநீர்க் கடையில் இருக்கிற சாதாரண மனிதரையும், தெருமுனையில் கூடி நிற்கிற சனங்களையும் ஏறக்குறைய ஐம்பது வருடங்களாகக் கீறி வந்த ஒருவரைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் சுதிர் பட்வர்தன். 1949 இல் இந்தியாவின் பூனா நகரில் பிறந்தவர். ஓவியக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவரல்லர். 1972 இல் பூனா இராணுவ மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த வருடம் பம்பாய்க்கு வந்தார். பம்பாயை அடுத்துள்ள தானேயில் 1975 முதல் 2005 வரை, முப்பது வருடங்கள், எக்ஸ்றே வைத்தியராகத் தொழில் பார்த்தார். ஓவியம் எல்லாம் அந்தத் தொழிலுக்கு இடையில்தான். பகலில் மனிதருடைய எலும்பையும் நெஞ்சறையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கண், பிறகு அதே மனிதர்களின் தோளையும் முதுகையும் கையையும் துணியில் கீறியது. அவருடைய படங்களில் உடம்பு பாரமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். வேலை செய்து களைத்த உடம்பு எப்படி நிற்கும், எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மும்பாயிலுள்ள தேசிய நவீன ஓவியக் காட்சியகத்தில் 2019 இன் இறுதியில் தொடங்கி 2020 பெப்ரவரி வரை அவருடைய வாழ்நாள் வேலைகளை ஒன்றுசேர்த்து ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. நான்சி அடஜானியா என்ற பெண் கலை விமர்சகரே அதனைத் தொகுத்து ஒழுங்கு செய்தவர். ‘ஆன்ம நகரினூடே நடத்தல்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1977 இல் கீறிய ‘ஈரானி உணவகம்’, 1980 இன் ‘ரெயின்’, 1984 இன் ‘பட்டினம்’, 2001 இன் ‘லோவர் பரேல்’ முதலானவை அவருடைய பெயர் பெற்ற படங்கள். நான் பார்த்தவை அச்சுப் பிரதிகளே. சுவரளவு பெரிய படங்களைப் புத்தகத்தில் பார்ப்பது, கல்யாண வீட்டை யன்னலுக்குள்ளால் பார்ப்பது போலத்தான். ஆயினும் பார்த்த அளவுக்குச் சொல்லலாம்.

‘லோவர் பரேல்’ படத்தை எடுத்துக் கொள்வோம். லோவர் பரேல் என்பது பம்பாயின் பஞ்சாலைப் பகுதி. ஒரு காலத்தில் அங்கே ஆலைச் சங்கு ஊதினால்தான் பொழுது விடியும். 1982 ஜனவரியில், தத்தா சாமந்த் தலைமையில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது ஒரு வருடத்துக்கு மேலாக இழுபட்டது. தொழிலாளருக்கு வெற்றி கிடைக்கவில்லை. பல்லாயிரம் பேர் திரும்ப வேலைக்குப் போகவே இல்லை. 1991 இல் நகரத் திட்ட விதி மாற்றப்பட்டது. ஆலை நிலங்களை விற்கவும் வேறு தேவைக்குப் பயன்படுத்தவும் வழி பிறந்தது. பீனிக்ஸ் ஆலை நின்ற வளவில் இன்று பெரிய கடைத்தொகுதி நிற்கிறது. கலவரம் ஒன்றுமில்லாமல், ஷெல் ஒன்றும் விழாமல், ஒரு ஊர் அதே இடத்தில் இல்லாமற் போவதும் நடக்கும் என்பதை அந்தப் பகுதியின் கதையில் நாம் காணலாம். (கலவரமும் அந்த நகரத்துக்கு வந்தது. 1992 டிசெம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த வன்செயலில் 900 பேர் உயிரிழந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணைக்குழு அறிக்கை கூறுகிறது. 1996 இல் அவர் கீறிய ஒரு படத்துக்குப் பெயரே ‘கலவரம்’.)

இத்தனை நடந்தும் அவர் தொழிலாளரை முஷ்டி உயர்த்திய வீரர்களாகக் கீறவில்லை. கையேந்தும் பாவப்பட்டவர்களாகவும் கீறவில்லை. தான் கீறுகிற மனிதர் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்றால் தன்னை அடையாளம் காண வேண்டும் என்பது அவருடைய நீண்டகால விருப்பம். அதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தான் படித்த, வசதியான வைத்தியர், தான் கீறுகிறவர்கள் வேறு வாழ்க்கைக்காரர் என்ற இடைவெளியையும் அவர் மறைக்கவில்லை.

வன்னியில் நான் போய்வருகிற ஒரு தையல் குழுவில் இந்தப் படங்களைக் காட்டினேன். முதலில் சிரித்தார்கள். “இது எங்கட பஸ் மாதிரியே கிடக்கு” என்றார் ஒருவர். பிறகு வயதில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: “இந்த ஆக்களிட்டக் கேட்டுத்தான் கீறினவரோ, தங்கச்சி?”

தெருவில் பார்த்தவர்களை நினைவிலும் குறிப்பிலும் வைத்துத்தான் பெரும்பாலும் கீறுவார்கள், ஒவ்வொருவரிடமும் கேட்பதில்லை என்றேன். அப்போதுதான் அவர் தன் கதையைச் சொன்னார். 2009 இல் முகாமில் இருந்தபோது யாரோ எடுத்த அவருடைய படம், சில வருடங்களின் பின் ஒரு அலுவலகச் சுவரில், நாட்காட்டியில் தொங்கியதாம். கையில் வெறுங்கோப்பை, சுருங்கிய கண். கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்ததாம். அழுகிற தாய் என்று அங்கிருந்த பிள்ளை ஒன்று வாசித்துச் சொன்னதாம்.

“அண்டைக்கு நான் அழேல்லை, பிள்ளை. வெயில் கண்ணுக்குள்ள அடிச்சது” என்றார் அக்கா.

அழுததற்கும் வெயிலுக்குக் கண் சுருங்கியதற்கும் இடையிலான வித்தியாசத்தை ஒரு நல்ல ஓவியன் கவனிப்பான். கமராவுடன் அரை மணித்தியாலம் வந்து போகிறவருக்கு அது தேவைப்படுவதில்லை. சகோதரிகளே, உங்களைப் படம் எடுக்க வருகிறவரிடம் எதற்காக, எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். கீழே என்ன எழுதப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம்; அதற்காக எந்த உதவியையும் நிறுத்துவது முறையல்ல. இதை என்னைப் போன்ற உத்தியோகத்தரிடமும் நீங்கள் சொல்லலாம்.

பட்வர்தனிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவர் படங்களிலே பெண்கள் இல்லாமலில்லை. ‘ஓடும் பெண்’ என்று 1977 இலேயே ஒரு படம் கீறியிருக்கிறார். பின்னாளில், 2011 அளவில், ‘குடும்பப் புனைவு’ என்ற தலைப்பில் வீட்டுக்கு உள்ளேயும் வந்தார். இருந்தாலும் நான் பார்த்த தெருப் படங்களில் ஆண்களே அதிகம். அந்த ஆலைத் தொழிலாளரில் பலர் ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள். அவர்களுக்கு நேரத்துக்குச் சோறு போட்டவர்கள் ‘கானாவளி’ என்று அழைக்கப்பட்ட பெண்கள். சிறு அறைக்குள் அடுப்பை மூட்டி, நாளுக்குப் பல பேருக்குச் சமைத்து, சாமான் வாங்க வட்டிக்காரரிடம் கடன்பட்டுக் கிடந்தவர்கள். 1975 இல் பிரேமா புரவ் என்ற தொழிற்சங்கப் பெண்மணி அவர்களைச் சேர்த்து ‘அன்னபூர்ணா மகளிர் மண்டல்’ என்ற சங்கத்தை அமைத்து, குழுவாகப் போய் வங்கியில் கடன் எடுக்க வழி செய்தார். (நுண்கடன் என்றாலே எங்களுக்கு இப்போது நெஞ்சு பதறும். குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுப் படலையில் வந்து நிற்கிற கடன் வேறு, குழு தானே தீர்மானித்து எடுக்கிற கடன் வேறு.)

தையல் குழுவில் இந்தக் கதையைச் சொன்னபோது, படங்களைப் பார்த்ததைவிட அதிகம் கேள்வி வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு என்ன எடுப்பார்கள், அரிசியைக் கடனுக்குக் குடுப்பார்களா, சமையல் அறைக்குப் புகைபோக்கி இருந்ததா என்றெல்லாம் கேட்டார்கள். அந்த அக்கா மட்டும் ‘ரெயின்’ படத்தை இன்னொருமுறை வாங்கி, மடியில் வைத்துக் கனநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.