கேட்ட குரூப், கிடைத்த குரூப்

மாண்புமிகு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும், தருமபுரி மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர் ஆகியோருக்கும்:

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: எந்த குரூப்? பிசிக்ஸ் உள்ள குரூப் கிடைத்தால் இன்ஜினியரிங், மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் என்று பல வழிகள் உண்டு. அது இல்லையென்றால் பதினைந்து வயதிலேயே அத்தனையும் அடைபட்டுப் போகும். குரூப்பைப் பிள்ளைகளே விரும்பித் தேர்ந்தெடுப்பதாகத்தான் உங்கள் ஏடுகளில் இருக்கும். பென்னாகரம், ஏரியூர் பக்கமோ, அரூர் தாண்டி சித்தேரி மலைப் பக்கமோ பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

மார்க் ஷீட்டும் டி.சி.யுமாக ஒரு பெண் நிற்பாள். கூட வந்திருப்பது பாட்டி. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில். "சயின்ஸ் குரூப் வேணும் சார்." சேர்க்கை நடத்தும் ஆசிரியர் கணக்கு மார்க்கைப் பார்ப்பார். "ஐம்பத்திரண்டா? கஷ்டம்மா. பிசிக்ஸுக்கு இன்னும் வாத்தியாரும் வரல. ஆர்ட்ஸ் குரூப் எடுத்துக்கோ, நல்ல மார்க் வரும்." பாட்டிக்கு ஒரே கவலை: "சாயங்காலம் எத்தன மணிக்கு சார் உடுவீங்க? பஸ்ஸு அஞ்சரைக்கு." பேச்சு அவ்வளவுதான். படிவத்தில் அது மாணவியின் விருப்பமாகப் பதிவாகிவிடும்.

அப்படிச் சொன்னவர்மீது எனக்குக் கோபமில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்பது உங்கள் துறை. எத்தனை பேருக்கு அறிவியல் பிரிவு மறுக்கப்பட்டது என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் சேருவதில்லை. எண்ணிக்கை குறைந்ததும் பணியிடத்தை 'உபரி' என்று காட்டி, பணி நிரவலில் வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறீர்கள். மறு வருடம் கேட்டு வரும் பிள்ளைக்கு அந்தப் பிரிவே இருக்காது.

பிசிக்ஸ் கஷ்டம்தான், பிள்ளைகளுக்குப் பயம் உண்டு. அந்தப் பயம் தெளியும் இடம் ஆய்வகம். மீட்டர் சமனச்சுற்றின் கம்பிமேல் தொடுசாவியை நகர்த்தி நகர்த்தி, கால்வனோமீட்டர் முள் பூஜ்ஜியத்தில் நிற்கும் இடத்தைத் தன் கையால் பிடித்த பிள்ளை வீட்ஸ்டோன் சமனச்சுற்றுத் தத்துவத்தை மறக்காது. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதிய பிள்ளைக்குச் செய்முறையின் 20 மதிப்பெண் வந்துவிடும், எழுத்துத் தேர்வின் 70 பயமுறுத்திக்கொண்டே இருக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே அது பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. நல்ல சட்டங்கள். ஆனால் அவற்றின் பலன் பெரும்பாலும் பிளஸ் ஒன்னில் பிசிக்ஸ் எடுத்தவர்களுக்கே. எங்கள் மாவட்டத்துச் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதில் சேருவதற்கான 200 கட்-ஆஃபில் 50 பிசிக்ஸுக்கு. பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு அந்தக் கல்லூரி பேருந்து ஜன்னலில் பார்க்கும் கட்டடமாகவே நின்றுவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் கடைசியாக, 68.5 விழுக்காட்டில் நின்ற மாவட்டம் இது. செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்வெளித் திட்டத்தின் இயக்குநரானதை 2023இல் அரசு விழா எடுத்துக் கொண்டாடியது. அவருக்குக் கிடைத்த வகுப்பறை ஏரியூருக்கும் வேண்டும்.

இன்னொன்று. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே தாண்டிப் போகிறார்கள் என்றுதான் 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அது இல்லை. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் விசை, ஈர்ப்பு, வெப்பம், அலைகள் எல்லாம் அந்த வருடத்துப் பாடங்கள். நீட், ஜேஇஇ தேர்வுகள் அவற்றை விட்டுவைப்பதில்லை. பாடம் நடக்கிறதா, செய்முறை நடக்கிறதா என்று இனி யார் பார்ப்பது?

நாங்கள் கேட்பது இவைதான். மலையோர, வனப்பகுதிப் பள்ளிகளில் முதுகலை இயற்பியல் ஆசிரியர் இடங்களை ஜூனுக்கு முன் நிரப்புங்கள். அங்கே வருகிறவருக்குக் குடியிருப்பும், குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் விரும்பிய ஊருக்கு மாறுதலும் உறுதி சொல்லுங்கள். சேர்க்கை குறைந்ததைக் காட்டி மூன்று ஆண்டுகளுக்காவது அந்த இடங்களை நிரவலில் எடுக்காதீர்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல், பள்ளி திறந்ததும் முதல் சில வாரம் அடிப்படைக் கணக்கு நடத்தச் சொல்லுங்கள். செய்முறை வகுப்பு நாட்களில் கடைசிப் பேருந்தைத் தாமதமாக எடுக்கப் போக்குவரத்துக் கழகத்திடம் பேசுங்கள்.

செலவில்லாத ஒன்றும் உண்டு. சேர்க்கைப் படிவத்தில் மூன்று வரி சேருங்கள்: பிள்ளை கேட்ட குரூப், கொடுத்த குரூப், மாறியிருந்தால் காரணம். அந்தக் கணக்கைப் பள்ளிவாரியாக ஜூலையில் வெளியிடுங்கள். முதல் ஆசிரியரை எந்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு குடிமகன்