வீட்டோடு வந்த விருந்தாளி

கேரவன் என்றால் தமிழ்நாட்டில் ஒரே அர்த்தம்தான். ஷூட்டிங் நடக்கும் இடத்தில், கொளுத்துகிற வெயிலில், ஏ.ஸி. உறுமிக்கொண்டு நிற்கும் நீளமான வண்டி. ஷாட் முடிந்ததும் ஹீரோ அதற்குள் போய்விடுவார். டைரக்டர் வெளியே கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார். எலெக்‌ஷன் சமயத்தில் தலைவர்களும் அந்த மாதிரி ஒன்றில் வந்து கையாட்டுவார்கள். மற்றபடி அதற்கும் நமக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

ஆகவே, அமெரிக்காவில் இருக்கும் என் மாமா பையன் போன் பண்ணி, "மச்சான், பெங்களூர்ல ஒரு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்திருக்கேன். டிரைவரோட வருது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளயே இருக்கு. அதுலயே மதுரை வந்து அத்தைங்க எல்லாரையும் பார்த்துடலாம். யாருக்கும் தொந்தரவு இல்லை" என்றபோது எங்கள் வீட்டில் அவசர சபை கூடியது.

"தொந்தரவு இல்லையாமா?" என்றாள் என் மனைவி. "உங்கம்மா வகையறாகிட்ட வந்து அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் தெரியும் சேதி!"

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மதுரைப் பக்கம் விருந்து என்பது மொய் மாதிரி. நான் பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், டபுள் என்ட்ரி கணக்கைக் காலேஜுக்குப் போவதற்கு முன்பே மொய் நோட்டில் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். அவர் நமக்கு 101 செய்தால், நாம் அவருக்கு 151. விருந்தும் அப்படியே. போன தடவை அவர்கள் வீட்டில் சாப்பிட்ட கோழிக்குழம்பு நம் பெயரில் பற்று. அவர்கள் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டால் அவர்கள் பெயரில் பற்று. இந்தக் கணக்கை நேர் செய்து முடிக்கவே கூடாது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். முடிந்தால் உறவும் முடிந்தது! சோறு, பாய், தலகாணி சகிதம் வருகிறவன் கணக்கை முடிக்க வருகிறான் என்றுதானே அர்த்தம்?

அதிலும் இவன் அண்ணன் மகன். மாமா காலமான பிறகு, என் அம்மாவோடு சேர்த்து மூன்று அத்தைகளுக்கும் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது இவன் ஒருவன்தான். அவன் வந்து வாசலில் வண்டிக்குள் படுப்பதாவது!

ஆனால் ஒன்று. வீட்டைச் சக்கரத்தில் ஏற்றுவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை சார். சித்திரைத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு கிராமத்துக்காரர்கள் கூட்டு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார்களே, அது என்ன? மேலே மூங்கில் பாயில் வளைத்த கூண்டு. கீழே வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம். ராத்திரி அதில் படுத்துத் தூங்கலாம். காலையில் அதே வைக்கோலில் ஒரு கை உருவி மாட்டுக்குப் போடலாம். படுக்கையே பெட்ரோல்! எந்த நாட்டுக் கம்பெனியாவது இப்படி ஒரு வண்டி கண்டுபிடித்திருக்கிறதா? அச்சுக்குக் கீழே ஒரு லாந்தரும் வாளியும் ஆடிக்கொண்டிருக்கும். ஆற்றங்கரையில் மூன்று கல் வைத்துப் பொங்கிச் சாப்பிட்டு, அழகரைப் பார்த்து, போகிற வழியில் கட்டிக் கொடுத்த பெண்ணையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இன்றைக்கும் கமுதிப் பக்கத்திலிருந்து ஆடி மாதம் அழகர்கோவிலுக்குப் பரம்பரையாக மாட்டு வண்டி கட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சொல்லப்போனால், இந்த வகைப் பயணத்தில் மதுரைக்கு நம்பர் ஒன் சாட்சாத் கள்ளழகரேதான். அழகர்கோவிலிலிருந்து மதுரை சுமார் 20 கிலோமீட்டர். பல்லக்கு, பரிவாரம், கூடவே வண்டிகளில் உண்டியல்கள் என்று சகல சாமான்களோடும் புறப்பட்டு, நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் தலைகாட்டினால் லேட்டாகாமல் என்ன செய்யும்? வைகைக்கு வந்தால், தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சேதி. கோபித்துக்கொண்டு, ஊருக்குள் காலே வைக்காமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கத்தான் வருகிறார் என்பது புராணக் காரணம். ஆனால் எங்கள் ஜனங்களுக்குப் பிடித்தது அண்ணன் கோபித்துக்கொண்ட கதைதான். ஏனென்றால் அது எல்லார் வீட்டிலும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் அழகர் ஆற்றில் இறங்கியது சோழவந்தான் பக்கம் தேனூரில் என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டு திருவிழாக்களையும் சேர்த்து மதுரைக்குக் கொண்டுவந்தார் என்றும் சொல்வார்கள். என் பெரியம்மா ஊர் தேனூருக்குப் பக்கம்தான். "எங்க ஊருச் சாமியை நாயக்கரு இழுத்துட்டுப் போயிட்டாரு" என்று, ஏதோ போன வாரம் நடந்த மாதிரி இன்றைக்கும் அங்கலாய்ப்பாள்.

வண்டி வந்தது. உள்ளே போனால் ரயில் கம்பார்ட்மென்டும் ஓட்டல் ரூமும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி இருந்தது. பகலில் சோபா, ராத்திரி கட்டில். குட்டி பிரிட்ஜ், ஸ்டவ், கைகழுவும் தொட்டி, அடியில் தண்ணீர் டாங்க். பின்பக்க மூலையில் மூன்றடி அகலத்தில் ஒரு கதவு. அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அடுப்புக்குப் பக்கத்துலயே கக்கூஸா? சிவ சிவா!" என்று இறங்கிவிட்டாள்.

"அங்கெல்லாம் இதுக்குன்னே கேம்ப் கிரவுண்ட் இருக்கு மச்சான். கரன்ட், தண்ணி, சாக்கடை மூணுக்கும் தனித்தனி கனெக்‌ஷன்" என்றான் மாமா பையன். இங்கே கேரளாக்காரர்கள்கூட 2021லேயே இதற்கென்று ஒரு திட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊருக்கும் அந்த நினைப்பு இல்லாமல் போகவில்லை, கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது: 17ம் நூற்றாண்டின் கடைசியில் ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டினார். மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் அவர் பேரில் இன்னும் சத்திரம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் இந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதல் விஜயம் பெரியம்மா வீடு. இதில் ஒரு சிக்கல் இருந்தது. ரெண்டு வருஷமாக யார் போன் பண்ணி "வரட்டுமா?" என்றாலும், "இப்ப வேணாம்ப்பா, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறாய்ங்க" என்பாள். தாஜ்மஹாலுக்குக்கூட அவ்வளவு நாள் வெள்ளை அடிக்க வேண்டியிருக்காது! விஷயம் வேறு. பெரியம்மாவுக்கு 78 வயசு. முட்டி தேய்ந்து, அடுப்படியில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. வந்தவனுக்கு வெறும் காபியைக் கொடுத்து அனுப்புவது அவள் சாதகத்தில் கிடையாது. சமைக்கவும் முடியாது, சமைக்காமல் அனுப்பவும் முடியாது. ஆகவே, வரவே வேண்டாம்!

இந்த ஊரில் எத்தனை வீடுகளுக்கு இப்படி வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார்களோ, தெரியவில்லை.

களத்தில் வண்டியை நிறுத்துவதற்குள் ஊரே கூடிவிட்டது. "ஷூட்டிங் வந்திருக்காய்ங்கடோய்!" என்று பொடியன்கள் ஓடி வந்தார்கள். அரை டிராயரோடு மாமா பையன் இறங்கியதும், "ஹீரோ இல்லடா, காமெடி நடிகரு" என்று ஒருத்தன் தீர்ப்புச் சொல்ல, கூட்டம் பாதியாகக் குறைந்தது.

பெரியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள். அண்ணன் மகனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

"ஏன்யா, அத்தை வீட்டுல படுக்க எடமிருக்காதுன்னு வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"இல்லத்தை... உங்களுக்குக் கஷ்டம் வேணாம்னுதான்..."

"கஷ்டம்னு நான் சொன்னேனா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அசரவில்லை. "அக்கா, வண்டியில அடுப்புதான் இருக்கு. பொங்குறதுக்கு ஒரு மணி அரிசி இல்லை" என்றாள். சோபாவுக்கு அடியில் பத்து கிலோ பை இருந்தது. என் மனைவி அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

பெரியம்மா முகம் மாறிவிட்டது. வீட்டிலிருந்து அரிசி வந்தது. கத்தரிக்காய், மொச்சை வந்தது. பானையிலிருந்து கருவாடு வந்தது. அவளுக்கு வண்டிப் படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டோம். உள்ளே பெண்கள் சமைக்க, வெளியே உட்கார்ந்து மோப்பம் பிடித்தே டைரக்‌ஷன்: "புளி பத்தாது... அடுப்பைக் குறை... இப்ப போடு கருவாட்டை!" ஏ.ஸி. வண்டிக்குள் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். வாடகைக்கு விட்டவர் இன்னும் அதற்கு சாம்பிராணி போட்டுக்கொண்டிருப்பார். திண்ணையில் இலை போட்டு, உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் பெரியம்மாதான் பரிமாறினாள். பற்று எங்கள் பெயரிலேயே விழுந்தது.

ராத்திரி வீட்டிலிருந்து வயர் இழுத்து பாட்டரிக்கு சார்ஜ். காலையில் பக்கத்துத் தோட்டத்து பம்ப்செட்டில் டாங்க்கை நிரப்பினோம். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது. கக்கூஸுக்கு அடியில் பெட்டி மாதிரி ஒன்று இருக்கிறது. அதை உருவிக்கொண்டுபோய் வீட்டுக் கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். டாலரில் சம்பளம் வாங்குகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தத் திருப்பணியைச் செய்தார்.

அப்போதுதான் பெரியம்மா, "அது என்னதான்யா வண்டி?" என்று மெல்லப் பிடித்து ஏறினாள். நேராக மூன்றடிக் கதவுக்குப் போனாள். "இது அலமாரியா?" சொன்னோம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் சத்தம் இல்லை. வெளியே வந்து, "உக்கார்ற மாதிரி இருக்கு. தண்ணியும் வருது" என்றாள். அப்புறம் கேட்டாள்:

"இதுலயே மேலூர் போக முடியுமா?"

மேலூரில் சித்தி இருக்கிறாள். மூன்று பேரில் கடைக்குட்டி. தூரம் சுமார் 50 கிலோமீட்டர். அக்காவும் தங்கையும் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. முட்டி வலி என்றுதான் பெரியம்மா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். பஸ்ஸில் போனால் மதுரையில் இறங்கி, இன்னொரு பஸ் ஸ்டாண்டுக்கு மாறி, மறுபடி ஏற வேண்டும். இதில் ஆண்களுக்கு ஒரு பிரச்னையும் இல்லை; நமக்கு ஊரே கழிப்பறை. பெண்கள் வெளியூர் என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். நாக்கு வறண்டாலும் "தாகமே இல்லப்பா" என்பார்கள். சர்க்கரை வியாதி இருந்தால் இன்னும் மோசம். வயசாக ஆக, அதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று ஊர்ப் பயணத்தையே விட்டுவிடுகிறார்கள். நாமும் "பெரியம்மா எங்கேயும் வர மாட்டாங்க" என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். கல்யாண வேன்களில் கலர் லைட் வைக்கிறார்கள், காது கிழியும் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். ஒரு மூன்றடிக் கதவு வைக்க எவனுக்கும் தோன்றவில்லை.

கிளம்பும்போது பெரியம்மா ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடித்தாள்.

சமயநல்லூர், ரிங் ரோடு, ஒத்தக்கடை. யானைமலை வருவதற்குள் இரண்டு தரம் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டாவது தரம், "சிவ சிவா" என்ற என் அம்மாவுக்காக.

மேலூரில் சித்தி வீட்டுத் தெருவுக்குள் வண்டி நுழையாது. முனையிலேயே நிறுத்தினோம். சித்தி கொண்டையை முடிந்துகொண்டே ஓடி வந்தாள். "இறங்குக்கா, வீட்டுக்கு வா" என்றாள். "நீ ஏறுடி" என்றாள் பெரியம்மா. ஏறினாள். மூன்று பேரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி அழுதாள். பிறகு பெரியம்மா எழுந்து கதவைச் சாத்தினாள்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. சித்தி வீட்டில் பேசினால் மருமகள் காதில் விழும். எங்கள் வீட்டில் பேசினால் என் மனைவி காதில் விழும். யார் வீடும் இல்லாத ஒரு வீடு இது! மருமகள் கொண்டு வந்த காபியைக் கதவை அரை அடி திறந்து வாங்கிக்கொண்டார்கள். மறுபடி சாத்திக்கொண்டார்கள். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சார், கிளம்பலாமா?" என்றார். நான் கதவைத் தட்டினேன்.

"அந்தத் தம்பியைக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுப்பா" என்றது பெரியம்மாவின் குரல். "வடையும் வாங்கிக் குடு."