பெயரைச் சொல்லாதீர்கள், கேளுங்கள்

தாதியர் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் ஆரம்பத்திலேயே மனனம் செய்வது ஐந்து 'சரி'களை: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பரீட்சையில் இவற்றை எழுதிப் புள்ளி பெறுவது இலகு. விடுதியில் கடைப்பிடிப்பது வேறு காரியம்.

எமது கிராமத்து முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காது மந்தம், ஆஸ்பத்திரி என்றாலே பயம். "நீங்கள்தானே கந்தையா?" என்று கேட்டால், விளங்காவிட்டாலும் தலையாட்டுவார். அடுத்த கட்டிலிலும் ஒரு கந்தையா இருக்கலாம். தாதிக்குத் தமிழும் நோயாளிக்குச் சிங்களமும் தெரியாவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, "உங்கள் முழுப்பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். பிறந்த திகதி போன்ற இன்னோர் அடையாளத்தையும் ஒப்பிட வேண்டும். குறைந்தது இரண்டு அடையாளங்கள் வேண்டும், அறை இலக்கம் அவற்றில் ஒன்றாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வலியுறுத்தியது. நோயாளியை இடம் மாற்றினால் இலக்கமும் மாறிவிடுமல்லவா?

இதைவிட முக்கியமானது, சந்தேகம் வந்தால் மருந்தைக் கொடாமல் நிறுத்திக் கேட்கும் துணிவு. ஏச்சுக்குப் பயந்த மாணவி கேட்கமாட்டாள். அவளது மௌனத்தின் விலையை நோயாளியே கொடுக்கிறார். எனவே கேள்வி கேட்பவளைக் கடிந்துகொள்ளாதிருப்பது கற்பிப்போரின் கடமை என்போம்.

எமக்கும் பங்குண்டு. வயோதிபரோடு ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, அவரது முழுப்பெயர், பிறந்த திகதி, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுசெல்வோம். "இது என்ன மருந்து?" என்று பணிவோடு கேட்போம். அது மரியாதைக் குறைவல்ல.