யானைக்கு ஒரு கொட்டில்

யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதானாம் என்பார்கள். அந்த ஆசாமி கொடுத்து வைத்தவர். அங்குசம் கையடக்கமான சாமான், மூலையில் சாத்தி வைத்துவிடலாம். யானையை எங்கே கட்டுவது என்று அவர் அழுததாகப் பழமொழியில் இல்லை. பழைய அமெரிக்கக் கார் வாங்கினவர்களின் அழுகையே அதுதான்.

இந்த விஷயத்தில் உலகப் புகழ் பெற்ற முன்னோடி ஒருவர் உண்டு. சாட்சாத் ஹென்றி ஃபோர்டு! 1896-ல் டெட்ராய்ட் நகரத்தில், வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த செங்கல் ஷெட்டில் தன் முதல் வண்டியைச் செய்து முடித்தார். நாலு சைக்கிள் சக்கரம் வைத்த சின்ன வண்டி. ஜூன் 4-ம் தேதி விடியற்காலையில் வெளியே ஓட்டிப் பார்க்கலாம் என்று தள்ளினால், கதவின் அகலம் போதவில்லை. கோடாலியை எடுத்துச் சுவரை இடித்துத்தான் வண்டியை வெளியே கொண்டு வந்தார். பிற்பாடு கோடிக்கணக்கில் கார் செய்து விற்ற மனிதர், முதல் காருக்கு வாசலை அளக்கவில்லை. (நம்ம ஊர் வீட்டுக்காரராக இருந்தால் அட்வான்ஸில் கழித்திருப்பார்.)

என் மாமா அப்படிப்பட்டவர் இல்லை. முதலில் வாசலை அளந்தார். அளந்த பிறகும் காரை வாங்கினார்.

மாமா வில்லிவாக்கம்வாசி. நாற்பது வருஷம் ஒரே முதலாளியிடம் டிரைவர். முதலாளி வீட்டில் 1959 மாடல் செவர்லே இம்பாலா ஒன்று இருந்தது. பின்பக்கம் இரண்டு இறக்கை விரித்த மாதிரி தகடு, அதற்குக் கீழே பூனைக்கண் மாதிரி சிவப்பு விளக்கு. மாமா அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால், பெற்ற குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இருக்கும்.

முதலாளி காலமானார். பங்களா இடிபட்டு அடுக்குமாடி வரப் போகிறது என்றதும் வாரிசுகள் சாமான்களுக்கு விலை பேசினார்கள். காயலான் கடைக்காரர் ஒருவர் இம்பாலாவைச் சுற்றி வந்து, கிலோ என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே பேங்க்குக்குப் போய், மிச்சம் வைத்திருந்த பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அத்தையைக் கேட்கவில்லை. இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

வண்டி பங்களா வாசலில் நின்றது. காலி செய்ய ஒரு மாதம் கெடு. "மாப்ளே, நீ பி.காம். படிச்சவன், வந்து கணக்குப் பாரு" என்று எனக்குப் போன் வந்தது. டெபிட், கிரெடிட் தெரிந்தவனுக்கு அடி, இன்ச் தெரியாதா என்ற நம்பிக்கை!

கணக்கு இதுதான். இம்பாலாவின் நீளம் 17 அடி 7 இன்ச். அகலம் 6 அடி 8 இன்ச். பெருக்கினால் 117 சதுர அடி. மாமா வீட்டு ஹால் 10-க்கு 12, அதாவது 120 சதுர அடி. ஹாலையே நாலு சக்கரத்தில் தூக்கி வைத்த மாதிரி என்று வையுங்களேன்.

நம் கண்ணுக்குப் பழகிய அம்பாஸடர் 14 அடி 2 இன்ச்தான். மாருதி 800 வெறும் 10 அடி 11 இன்ச். இம்பாலா நிற்கிற நீளத்தில் ஒரு மாருதியை விட்டுவிட்டு, மிச்சமிருக்கிற 6 அடி 8 இன்ச்சில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். தமிழ்நாட்டில் 2019-ல் வந்த கட்டட விதிகளின்படி ஒரு காருக்கு ஒதுக்க வேண்டிய இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஐந்து மீட்டர் என்றால் 16 அடி 5 இன்ச். இம்பாலாவை அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் ஒரு அடிக்கு மேல் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அசோசியேஷன் செகரட்டரி நோட்டீஸ் அனுப்புவார்.

மாமா வீட்டை ஒட்டி ஒரு ஷெட் உண்டு. 1986-ல், முதலாளியின் அம்பாஸடரை ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்ன காலத்தில் கட்டினது. வாசல் நேரே தெருவைப் பார்த்து இருக்கும். உள்ளே 17 அடி நீளம், 8 அடி 6 இன்ச் அகலம். வாசல் 8 அடி.

ஆக, நீளத்தில் ஏழு இன்ச் குறைகிறது. ஒரு சாண் கூட இல்லை! வாழ்க்கையில் பெரிய சங்கடங்கள் எல்லாம் இப்படிச் சின்ன அளவில்தான் வந்து நிற்கின்றன.

தெருவே கூடி யோசனை சொன்னது.

யோசனை ஒன்று: முன்னாலும் பின்னாலும் பம்பரைக் கழற்றிவிடுவது. மாமா சொன்னவரைப் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "பல்லைக் கழட்டி வச்சுட்டுக் கல்யாணத்துக்குப் போகச் சொல்றான் மாப்ளே."

யோசனை இரண்டு: கோணலாக நிறுத்துவது. பக்கத்து வீட்டு டியூஷன் வாத்தியார் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குச்சிக்குச் சரி, பெட்டிக்குச் சரிப்படாது. ஒரு தீப்பெட்டியை எடுத்து, அது நீளவாட்டில் கச்சிதமாகப் பிடிக்கிற இரண்டு சுவருக்கு நடுவே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இடிக்கும். நீளத்தோடு அகலமும் சேர்ந்து கொள்வதால், திருப்பத் திருப்ப முதலில் கூடுதல் இடம்தான் கேட்கும். வாத்தியாரே தீப்பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக் கொண்டு போய்விட்டார்.

யோசனை மூன்று: பின்சுவரில் பம்பர் உயரத்துக்கு ஒரு பொந்து. சுவருக்கு அந்தப் பக்கம் சமையல் மேடை. மேடைக்கு அடியில் காஸ் சிலிண்டர். இந்தப் பக்கம் பெட்ரோல் டேங்க்கும் இன்ஜினும், அந்தப் பக்கம் சிலிண்டரும். இதைச் சொன்னவரை அத்தை காபி கொடுக்காமலே அனுப்பிவிட்டாள்.

அப்போதுதான் அத்தை முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"ஏழு இன்ச் ஏழு இன்ச்னு காலையிலேர்ந்து ஏலம் போடறீங்களே, என் மெஷினுக்கு மூணு அடி வேணும். அதை யாரு அளக்கப் போறீங்க?"

எல்லோரும் ஷெட்டுக்குள் பார்த்தோம். அம்பாஸடர் போன நாளிலிருந்து அது அத்தையின் தையல் கடை. மெஷின், வெட்டுகிற மேஜை, ஓரம் அடிக்கிற மெஷின், சுவரில் ஆணி அடித்து மாட்டின ப்ளவுஸ்கள். அவ்வளவு நேரம் டேப்பைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டித்தான் அளந்து கொண்டிருந்தோம்.

அத்தை உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தாள். "நீ பி.காம்.தானே? கூட்டிச் சொல்லு."

வருஷ வாரியாக எழுதி வைத்திருந்தாள். ப்ளவுஸ், பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம். ஆரம்பத்தில் பத்துப் பத்து ரூபாயாகத்தான் இருந்தது. நடுவில் பெண்ணின் காலேஜ் ஃபீஸ் கட்டின தேதிகளில் ஒரு சிவப்புக் கோடு. கூட்டினேன். மாமா இம்பாலாவுக்குக் கொடுத்ததைப் போல நாலு மடங்கு வந்தது.

தொகையை உரக்கப் படித்தேன். மாமா டேப்பைச் சுருட்டினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஹாலுக்குப் போய், ஜன்னலோரம் இருந்த தன் ஈஸி சேரை மடக்கித் தூக்கிக் கொண்டு வந்து திண்ணையில் போட்டார்.

"மெஷின் அங்கே இருக்கட்டும். வெளிச்சம் நல்லா வருது. வண்டி அப்புறம் பாத்துக்கலாம்."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் காபி வந்தது.

ஏழு இன்ச்சைக் கண்டுபிடித்தவர் கொத்தனார். நாங்கள் எல்லாரும் சுவருக்கு நடுவே இருந்த இடத்தை அளந்து கொண்டிருந்தோம். அவர் சுவரையே அளந்தார். முன்சுவர் 9 இன்ச் கனம். ஷட்டர் அதற்கு உள்பக்கம் இறங்குகிறது. "ஷட்டரைக் கழட்டி வெளிப்பக்கம் மாட்டினா, சுவத்தோட கனம் உங்களுக்குத்தானே சார்?" என்றார். 17 அடி 9 இன்ச்! கார் போக இரண்டு இன்ச் மிச்சம். ஒரு செங்கல்கூட இடிக்க வேண்டாம். ஹென்றி ஃபோர்டுக்கு இந்தக் கொத்தனார் கிடைக்காமல் போனது அவர் துரதிர்ஷ்டம்.

அடுத்தது அகலம். இரண்டு பக்கமும் சேர்த்து 22 இன்ச்தான் மிச்சம். அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். வலது சுவரோடு மூன்று இன்ச் விட்டு ஒட்டி நிறுத்தினால், இடது பக்கம் 19 இன்ச் கிடைக்கும். வாசல் குறுகலில் அதுவே 13 இன்ச். கதவைத் திறந்து மாமா இறங்க முடியாது. கார் ஷெட் கட்டுகிறவர்கள் காரை அளக்கிறார்களே தவிர, இறங்குகிறவரின் வயிற்றை அளப்பதில்லை. ஓட்டிக்கொண்டு உள்ளே போனால், மாமா வாழ்நாள் முழுக்க வண்டியிலேயே இருக்க வேண்டியதுதான். (அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை.)

ஆகவே வாசலுக்கு வெளியிலேயே இறங்கி, வண்டியைத் தள்ளித்தான் உள்ளே விட வேண்டும். இரண்டு இன்ச்சில் எங்கே நிறுத்துவது? அதற்கு ரொம்ப நாளாக இருக்கிற உபாயம் உண்டு. கூரையிலிருந்து கயிற்றில் ஒரு டென்னிஸ் பந்து. வண்டி சரியான இடத்துக்கு வந்ததும் பந்து முன் கண்ணாடியைத் தொடும். அதையும் மீறினால் தடுக்க, முன் சக்கரத்துக்கு நேராகத் தரையில் போல்ட் போட்டு இறுக்கின மரக்கட்டை.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் தேர்க்கூட்டம். எதிர் வீட்டுக்காரரைக் கெஞ்சி கேட்டைத் திறந்து வைத்தோம். இம்பாலா தன் வாலை அவர் வீட்டுக்குள் விட்டு, கோலத்தை மிதித்து, ஆறு தடவை முன்னும் பின்னும் போய், கடைசியில் ஷெட்டுக்கு நேராக மூக்கைத் திருப்பியது. மாமா இறங்கினார். பின்னாலிருந்து தள்ள நாலு பேர் தயார். ஒன்றரை டன்னுக்கு மேல் எடை.

ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வண்டி கூடவே அந்த 13 இன்ச் சந்தில் நடக்க வேண்டும். மாமா பக்கவாட்டில் நின்று பார்த்தார், எதிர்ப்பக்கம் திரும்பியும் நின்று பார்த்தார். வயிறு ஒத்துழைக்கவில்லை. நானும் உட்கார்ந்து எழுதுகிற ஜாதி.

"நகருங்க" என்றாள் அத்தை, முந்தானையை இழுத்துச் செருகிக் கொண்டு.

தைக்கிற கை. கோடு பிசகாது. "கொஞ்சம்... கொஞ்சம்... நேரா..." என்று அவள் சொல்லச் சொல்லத் தள்ளினோம். பந்து கண்ணாடியில் தொட்டது. சக்கரம் கட்டையில் நின்றது. அத்தை சந்து வழியாக வெளியே வந்து, "அவ்வளவுதானே?" என்றாள்.

ஷட்டர் இறங்கியது. பின் பம்பருக்கும் அதற்கும் ஒரு இன்ச்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மாமா சொல்லச் சொன்னவை: மூடின ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆளைக் கொல்லும். பிளாஸ்டிக் உறை போர்த்தாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கித் துரு பிடிக்கும். துணி உறைதான் நல்லது. நாள் கணக்கில் நிறுத்தினால் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எலி மீது ஒரு கண் இருக்கட்டும், ஒயர் அதற்குப் பலகாரம்.

கல்யாண கான்ட்ராக்டர் ஒருவர் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகை பேச வந்தார். ஐம்பது வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு 'வி.ஏ.' என்று தனிப் பதிவு கொண்டு வந்திருக்கிறது. அதை வாங்கினால் வாடகைக்கு விடக் கூடாது, தினசரியும் ஓட்டக் கூடாது. மாமா சந்தோஷமாக அதைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, அந்தப் பதிவுக்குப் பேப்பர் சேர்த்துக் கொண்டிருக்கிறார்.

சாவி இப்போது அத்தையின் நூல்கண்டு டப்பாவில். அந்தச் சந்தில் நுழையக் கூடியவர் வீட்டில் அவர் ஒருத்திதானே! வண்டியை வெளியே எடுக்க வேண்டுமானால், அத்தை கையிலிருக்கிற ப்ளவுஸைத் தைத்து முடிக்கிற வரை மாமா திண்ணையில் காத்திருக்க வேண்டும். முகூர்த்த சீசன் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாற்பது வருஷம் முதலாளிக்காகக் காத்திருந்த மனுஷர். பழக்கம்தான்.